எப்வேர்த் குருமனை

கொழும்பிலுள்ள வெஸ்லி கல்லூரியின் பெயரைக் கேள்வியுறாதார் நம்மிடையே மிகச் சிலரே. அக்கல்லூரி 1874 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், 1814 யூன் மாத இறுதியிலே, மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த குருமார் சிலர் காலியில் வந்திறங்கினர். அவருள் இருவர் யாழ்ப்பாணத்துக்கும் ஒருவர் மட்டக்களப்புக்கும் சென்றனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் வேம்படி மகளிர் கல்லூரியும் அவ்வழியில் வந்தவையே. இவ்வாறு யோன் வெஸ்லி என்னும் பெயர் நம் நாட்டுக் கல்வி வரலாற்றோடு கலந்துவிட்டது. பெயருக்குரியவரோ இந்நாட்டைக் கண்டவரல்லர். அக்குருமார் இங்கு வருவதற்கு 23 ஆண்டுகள் முன்னரே, 1791 மார்ச் 2 ஆம் நாள், அவர் இலண்டனிற் காலமாகிவிட்டார்.

வெஸ்லியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குதிரைமீதமர்ந்த போதகரையே நமக்குக் காட்டுவர். அரை நூற்றாண்டுக் காலத்தில் அவர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மைல் பயணஞ் செய்தார் என்றும், நாற்பதினாயிரம் பிரசங்கங்கள் நிகழ்த்தினார் என்றும் கணக்கிடுவர். அக்கணக்கிலே எனக்கு ஐயமில்லை, பேரார்வமும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சமூக வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது என் மனத்தைப் பற்றிக்கொண்டவர் வேறொரு வெஸ்லி. ஒக்ஸ்போட்டிலே கிரேக்க விரிவுரையாளராய் அமர்ந்த 23 வயது இளைஞர். அவரினும் மேலாக என்னை ஈர்த்தவள் அவருக்கு ஆறு வயது மூத்த தமக்கை ஹெற்றி. ஒரே வீட்டில், ஒரே தாயிடம், ஒரே முறையிற் பாடங் கற்ற அவ்விருவரையும் அக்கல்வி எங்கெங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதையே இங்கு எழுத விழைகின்றேன். பல்கலைக்கழகத்திற் பயிலும் ஒரு பெண்ணாகிய நான் இதனை நடுநிலையில் நின்று எழுதுவேன் என்று உறுதி கூற இயலாது.

இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன்ஷயரில், சதுப்பு நிலத்தின் நடுவே சற்று மேடாக அமைந்த சிற்றூர் எப்வேர்த். அவ்வூரின் பங்குக்குரு சாமுவேல் வெஸ்லி, நல்ல கல்விமான். கிறிஸ்துவின் வரலாற்றைச் செய்யுளாகப் பாடி 1693 இல் வெளியிட்டவர். இறுதிக்காலத்தில் யோபு என்னும் வேதாகம நூலைப் பற்றி இலத்தீனிற் பேராய்வு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தவர். கவிதையும் ஆய்வும் கடனை அடைப்பதில்லை. 1705 ஆம் ஆண்டு, கடன்கொடுத்தவரின் முறைப்பாட்டின்பேரில் அவர் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். மறியலில் இருந்தவாறே சக கைதிகளுக்குப் போதனை செய்யவும் தொடங்கினார். அவரது மனைவி சூசன்னா, இலண்டனிற் புகழ்பெற்ற ஒரு குருவின் இருபத்தைந்தாவது பிள்ளை. அவர் பெற்ற பிள்ளைகள் பத்தொன்பது பேர்; குழந்தைப்பருவத்தைத் தாண்டி வளர்ந்தோர் மூன்று ஆண்களும் ஏழு பெண்களுமாகப் பதின்மர்.

கணவனும் மனைவியும் ஒரே அளவு பிடிவாதம் உடையவர்கள். மூன்றாம் வில்லியம் மன்னனுக்கான செபத்தின் முடிவிலே சூசன்னா 'ஆமென்' சொல்லவில்லை என்பதைக் கண்ட சாமுவேல், இரண்டு அரசர் உள்ள வீட்டில் இரண்டு படுக்கைகள் இருப்பதே முறையெனக் கூறி இலண்டனுக்குப் புறப்பட்டுவிட்டார். 1702 இல் மன்னன் இறந்து ஆன் அரசி பட்டத்துக்கு வந்த பின்னரே இல்லறம் சீர்ப்பட்டது. மறு ஆண்டு யூன் மாதத்திற் பிறந்த பிள்ளையே யோன். ஓர் அரசனின் மரணம் இல்லையேல் மெதடிஸ்த சபையே இல்லையெனக் கூறி நகைப்பாரும் உளர்.

சூசன்னா வீட்டிலேயே பள்ளி நடத்தினார். பிள்ளை ஐந்து வயதை எய்தியதும் பாடம் தொடங்கும். முதல் நாளிலேயே நெடுங்கணக்கு முழுவதையும் கற்றுவிட வேண்டும். இரு பெண்கள் மட்டும் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டனர் என்றும், அதனால் அவர்களை மந்தமானவர்கள் என எண்ணியதாகவும் அவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பின்னேரம் இரண்டு முதல் ஐந்து வரை படிப்பு. ஒரு வயதுக் குழந்தையும் பிரம்புக்கு அஞ்சவும், சத்தமின்றி அழவும் பழக்கப்பட்டது. பிள்ளையின் சுயவிருப்பை முதலிலேயே அடக்கிவிட வேண்டுமென்பது அவரது கொள்கை. இதனை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு இறுகியது. ஆயினும் அதே கடிதத்தில் மற்றொரு விதியும் உண்டு: நன்றாக வாசிக்கப் பழகும்வரை எப்பெண்ணையும் தையல் முதலிய வேலைகளுக்கு இருத்தலாகாது. பெண்கள் சிலர் கேட்போர் விரும்பும் வண்ணம் வாசிக்க இயலாதிருப்பதற்குக் காரணம், எழுத்தறியுமுன்னரே ஊசியைக் கையிற் கொடுத்துவிடுவதுதான் என்று அவர் கண்டிருந்தார். 1732 ஆம் ஆண்டு இதனை ஒரு பெண் எழுதினார் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். சட்டமும் சபையும் பெண்ணுக்குக் கல்வியில் எவ்விடமும் ஒதுக்காத காலம் அது.

1709 பெப்ரவரி 9 ஆம் நாள் இரவு குருமனை தீப்பற்றி எரிந்தது. எல்லோரும் வெளியேறிய பின்னரே, ஐந்து வயது யோன் மாடியறையில் அகப்பட்டுக்கொண்டமை தெரியவந்தது. ஏணி தேட நேரமில்லை. ஒருவர் தோளின்மீது மற்றொருவர் ஏறி நின்று, யன்னலூடாகப் பிள்ளையை வெளியே எடுத்தனர். அடுத்த கணம் கூரை இடிந்து விழுந்தது. வீடு கட்டி முடியும்வரை பிள்ளைகள் பல வீடுகளிற் சிதறியிருந்தனர். அவர்கள் திரும்பி வந்தபோது பழைய ஒழுங்கு குலைந்திருக்கக் கண்ட தாய், வாரத்தின் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு பிள்ளையோடு தனித்திருந்து உரையாடும் வழக்கத்தை ஏற்படுத்தினார். செவ்வாய் ஹெற்றிக்குரியது, வியாழன் யோனுக்குரியது. பல ஆண்டுகளின் பின் ஒக்ஸ்போட்டில் இருந்தபோதும், அந்த வியாழக்கிழமை மாலையைத் தமக்கெனத் திரும்பவும் ஒதுக்கித் தரும்படி யோன் தாய்க்கு எழுதினார். செவ்வாய்க்கிழமையைக் கேட்டெழுதும் உரிமை பிற்காலத்தில் ஹெற்றிக்கு இருக்கவில்லை.

1711-12 ஆம் ஆண்டு மாரிகாலத்திற் சாமுவேல் இலண்டனிலிருந்த வேளை, சூசன்னா ஞாயிறு மாலைகளிற் பிள்ளைகளுக்காக ஒரு பிரசங்கத்தை வாசித்துச் செபம் நடத்தினார். அயலவர் வந்து கூடத் தொடங்கி, தொகை இருநூறாயிற்று. உதவிக்குருவின் ஆராதனைக்கு அத்தனை பேர் வருவதில்லை. அவர் முறைப்பாடு எழுத, கணவர் நிறுத்தச் சொல்லி எழுதினார். சூசன்னாவின் மறுமொழி புகழ்பெற்றது. விருப்பந் தெரிவித்தால் மட்டும் போதாது, நேரடியான கட்டளையாக எழுதும்படியும், அவ்வாறு கட்டளையிடுவதால் வரும் பழியை இறுதித் தீர்ப்பு நாளிற் கணவரே ஏற்கவேண்டுமென்றும் அவர் எழுதினார். கட்டளை வரவில்லை. கீழ்ப்படிதலை இத்துணை நுட்பமாக ஆயுதமாக்கிய வேறொரு கடிதத்தை நான் வாசித்ததில்லை.

எட்டு வயதிலேயே ஹெற்றி கிரேக்க மொழியிற் புதிய ஏற்பாட்டை வாசித்தாள் என்று குடும்ப வரலாறு கூறும். நகைச்சுவையும் செய்யுள் யாக்கும் ஆற்றலும் அவளிடம் இயல்பாயமைந்திருந்தன. தந்தையின் கவித்துவம் பிள்ளைகளுள் எவருக்கேனும் முழுமையாக வாய்த்ததெனில், கீர்த்தனங்களாற் புகழ்பெற்ற சாள்ஸ் ஒருவர், மற்றையவள் ஹெற்றி. ஆண்கள் மூவரும் உரிய வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டனர். மூத்தவர் சாமுவேலும் இளையவர் சாள்சும் வெஸ்ற்மின்ஸ்ரர் பள்ளிக்குச் சென்றனர். யோன் 1714 இல் சாட்டர்ஹவுஸ் பள்ளிக்கும், 1720 இல் ஒக்ஸ்போட் கிறைஸ்ற் சேர்ச் கல்லூரிக்கும் சென்றார். 1726 மார்ச்சில் லிங்கன் கல்லூரியின் பெலோவாகத் தெரிவு செய்யப்பட்டார். அவ்விடம் லிங்கன்ஷயரிற் பிறந்தவருக்கென ஒதுக்கப்பட்டது. ஹெற்றியும் லிங்கன்ஷயரிற் பிறந்தவளே. அவ்வாண்டு நவம்பரில் யோன் கிரேக்க விரிவுரையாளராகவும், மாணவரின் வாதங்களை நெறிப்படுத்துபவராகவும் நியமனம் பெற்றார். இளமாணவருக்குக் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைக் கற்பிப்பது அப்பதவியின் பணி. எட்டு வயதிலே தமக்கை வாசித்த அதே நூல்.

அதற்கு ஓராண்டு முன்னர் ஹெற்றியின் வாழ்வு குலைந்துவிட்டது. விரும்பியவர்களைத் தந்தை மறுத்துக்கொண்டே வந்தார். 1725 இல் அவள் ஒரு வழக்கறிஞனோடு வீட்டை விட்டுச் சென்றாள். அவன் மணஞ் செய்யாமல் ஏமாற்றினான். கருவுற்ற நிலையில் அவள் குருமனைக்குத் திரும்பினாள். குருவின் வீட்டில் அது எவ்வாறு வரவேற்கப்பட்டிருக்குமென நான் விரித்தெழுத வேண்டியதில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில், வில்லியம் றைற் என்னும் ஈய வேலைத் தொழிலாளிக்கு அவளை மணமுடித்து வைத்தார்கள். அவன் எழுதப்படிக்க அரைகுறையாக அறிந்தவன். அத்திருமணத்தை எதிர்த்துத் தந்தையோடு வாதாடத் துணிந்தவள், உடல் ஊனமுற்ற தமக்கை மேரி ஒருத்தியே என்பர். மறு ஆண்டு தொடக்கத்திற் பிறந்த குழந்தை இறந்தது. தந்தை மன்னிக்கவில்லை, தாயின் மனமும் எளிதில் இளகவில்லை.

1726 கோடையில் யோன் ஊருக்கு வந்தார். அப்போது அவர் கல்லூரியில் இடம் பெற்றுவிட்டார். விரிவுரையாளர் பதவி இன்னும் வரவில்லை. ஓகஸ்ட் 28 ஆம் நாள், தந்தையின் பொறுப்பிலிருந்த மற்றோர் ஊராகிய றூட் என்னுமிடத்திலே பிரசங்கம் செய்தார். பொருள்: எல்லோர் மாட்டும் காட்டவேண்டிய அன்பு, குறிப்பாகத் தீயோர் மாட்டும். பிரசங்கத்தைக் கேட்ட தாய் உடனே விளங்கிக்கொண்டார். இது ஹெற்றிக்காக எழுதப்பட்டது, கடைசிப் பந்திக்காகவே மற்றவையெல்லாம் எழுதப்பட்டன என்று மகனிடமே கூறினார். அதைவிடச் சிறந்த இலக்கியத் திறனாய்வு வேறில்லை. தந்தை நேரே ஒன்றுங் கூறவில்லை; நாள்தோறும் யோன் தம்மை எதிர்த்து ஹெற்றியின் பக்கம் பேசுவதாகச் சாள்சிடம் குறைகூறினார். செய்தி யோனின் காதுக்கு எட்டியது. அவர் தந்தையிடஞ் சென்று மன்னிப்புக் கேட்டார். இனி எதிர்த்துப் பேசுவதில்லையெனவும் உறுதியளித்தார். இருவரும் சமாதானமாயினர். ஆனால் மூத்த தமையனுக்கு அவ்வாண்டு டிசெம்பரில் எழுதிய நீண்ட கடிதத்திலே தம் கருத்தை அவர் கைவிடவில்லை. ஹெற்றி மனம் வருந்தியுள்ளாள் என்றே தாம் நம்புவதாகவும், அவ்வாறில்லையெனினும் அவளிடம் ஓரளவு கனிவு காட்டுவது கடனே எனவும் அவர் வாதிட்டார்.

இந்நிகழ்ச்சியைப் பலமுறை எண்ணிப் பார்த்துள்ளேன். கல்வி ஓர் இளைஞனுக்குத் தந்த துணிவை, தந்தையின் ஊரிலே, தந்தையின் சபையிலே ஏறிநின்று அவர் தமக்கைக்காகச் செலவிட்டார். அது சிறிய செயலன்று. அச்செயலாற் குருமனைக் கதவு திறக்கவில்லை என்பதும் உண்மையே. தர்க்கத்தைக் கற்பித்த விரிவுரையாளர் தர்க்கத்தில் வென்றார்; பிரசங்கம் முடிந்ததும் அவர் ஒக்ஸ்போட்டுக்குத் திரும்பலாம். ஹெற்றிக்குத் திரும்பிச் செல்ல ஈயப்பட்டறை ஒன்றே இருந்தது. பெண்களுக்கு ஒக்ஸ்போட் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920 இல்.

றைற் தம்பதியர் பின்னர் இலண்டன் சோஹோப் பகுதியிற் குடியேறினர். ஈயப் புகை வீட்டுக்குள்ளும் பரந்தது. பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. அப்புகையே தன் பிள்ளைகளைக் கொன்றதென ஹெற்றி நம்பினாள். கணவன் குடித்தான் என்றும், இரவில் மதுக்கடையே அவனுக்கு வீடாயிற்று என்றும் நூல்கள் கூறும். ஹெற்றியும் அதுபற்றிக் கணவனை விளித்து ஒரு நீண்ட கவிதை எழுதியுள்ளாள். இவ்வளவோடு நின்றிருந்தால் றைற்றை ஒரு கொடியவனாக எழுதிவிட்டு நானும் அமைதியடைந்திருப்பேன். ஆயின் 1728 இல் அவன் யோனுக்கு எழுதிய ஒரு கடிதம் கிடைத்துள்ளது. மனைவி பிள்ளை பெற்றாள், குழந்தை மூன்றாம் நாள் இறந்தது, தனக்கும் மனைவிக்கும் பெருந்துயர் என்கின்றான். சொல்லுக்குச் சொல் எழுத்துப் பிழை. கடைசியில், பிள்ளையைப் பற்றி மனைவி இயற்றிய கவியை இத்துடன் அனுப்புகின்றேன் என ஒரு பின்குறிப்பு. படுக்கையிற் கிடந்தவாறே ஹெற்றி சொல்லச் சொல்ல, எழுத்து வாராத அக்கணவன் தன் கைப்பட எழுதி எடுத்த கவி அது. இறக்கும் குழந்தையை நோக்கித் தாய் புலம்பும் அக்கவிதை இன்றும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண்கவிகளின் தொகுப்புகளில் இடம்பெறுகின்றது. கிரேக்கம் அறிந்தவளும் எழுத்துக்கூட்ட அறியாதவனும் ஓர் இரவு ஒரே தாளின்மீது குனிந்திருந்திருக்கின்றனர். இதனை வாசித்தபின் அவ்வீட்டைப் பற்றி எளிதாக ஒன்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஏனைய சகோதரிகளின் கதையும் இதனோடு ஒத்ததே. மூத்தவள் எமிலி ஆசிரியையாக உழைத்துப் பிற்காலத்தில் ஒரு மருந்து வணிகரை மணந்து வறுமையில் வாடினாள். ஹெற்றிக்காகப் பேசிய மேரி, தந்தையின் உதவியாளர் ஒருவரை மணந்து 1734 இற் பிள்ளைப்பேற்றிலே இறந்தாள். மார்த்தாவை மணந்தவர் ஒக்ஸ்போட்டில் யோனிடம் கற்ற மாணவர், பெயர் வெஸ்ற்லி ஹோல். அவர் முதலில் இளைய சகோதரி கெசியாவுக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். பின்னர் குருவாகவும் இருந்துகொண்டு பலதார மணத்தை ஆதரித்துப் பேசினார். முடிவில் மனைவியைக் கைவிட்டார். நூலறிவு நல்ல கணவனுக்குப் பிணையன்று என்பதற்கு எழுத்தறியா றைற்றையும் ஒக்ஸ்போட் ஹோலையும் அருகருகே வைத்து நோக்கினாற் போதும்.

யோனின் பிற்கால வரலாறு யாவரும் அறிந்தது. 1735 இல் தந்தை இறந்த பின்னர் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குச் சென்று தோல்வியுற்றுத் திரும்பினார். 1738 மே 24 ஆம் நாள் இலண்டன் அல்டர்ஸ்கேற் வீதியில் மனமாற்றம் பெற்றார். 1739 இல் பிறிஸ்ரலிலே திறந்தவெளியிற் பிரசங்கிக்கத் தொடங்கினார். 1742 யூனில் எப்வேர்த் வந்தபோது, அங்கிருந்த குரு ஆலயத்திற் பேச இடந்தர மறுக்க, வெளியே தந்தையின் கல்லறைமீது ஏறிநின்று ஒரு வாரத்துக்கு மேலாக ஒவ்வொரு மாலையும் பேசினார். தந்தையின் சொல்லுக்கு அடங்கிய மகன் பதினாறு ஆண்டுகளின் பின் தந்தையின் பெயர் பொறித்த கல்லின்மேல் நின்று, ஆலயக் கதவு அடைக்கப்பட்டவர்களின் பக்கமாகப் பேசினார் என்று எண்ண எனக்கு விருப்பமுண்டு. இஃது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

தாயிடமிருந்து அவர் பெற்ற பாடம் வேறிடத்திற் பலித்தது. குருப்பட்டமில்லாத மக்ஸ்பீல்ட் என்பவர் பிரசங்கிப்பதை அறிந்து தடுக்க விரைந்த மகனைச் சூசன்னாவே நிறுத்தி, முதலில் அவர் பேசுவதைக் கேட்கும்படி சொன்னார். 1761 இல் சாரா குறொஸ்பி என்னும் பெண் இருநூறுபேர் கூடிய கூட்டத்தில் பேச நேர்ந்து, யோனிடம் ஆலோசனை கேட்டபோது அவர் தடுக்கவில்லை. அதனைப் பிரசங்கமென்று பெயரிட வேண்டாமென மட்டும் எச்சரித்தார். பத்தாண்டுகளின் பின் மேரி பொசன்கே என்பவருக்குத் தனிப்பட்ட அழைப்புண்டெனில் பிரசங்கிக்கலாம் என எழுதினார். எப்வேர்த் சமையலறையிற் கூடிய இருநூறுபேரை அவர் மறக்கவில்லை போலும். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளில், 1803 இல், சபை மாநாடு அவ்வாசலை மீண்டும் ஒடுக்கிவிட்டது.

தம் இல்லறத்தில் அவர் வென்றவரல்லர். மணக்க விரும்பிய கிறேஸ் மறி என்பவரை 1749 இற் சாள்ஸ் தலையிட்டு வேறொருவருக்கு மணமுடித்து வைத்தார். 1751 இல் மொலி வசேல் என்னும் விதவையை மணந்து, அதனால் லிங்கன் கல்லூரிப் பதவியையும் துறந்தார். மணமானவர் அப்பதவியில் இருக்க இயலாது. அம்மணம் பூசலிலும் பிரிவிலும் முடிந்தது. 1781 இல் மனைவி இறந்த செய்தியை அடக்கம் முடிந்த பின்னரே அவர் அறிந்தார். சாள்சின் வீடு வேறுவிதமாயிருந்தது. அவருடைய புதல்வர் இருவர் இசை மேதைகளாயினர்.

ஹெற்றி 1740 களிலே சகோதரரின் இயக்கத்தில் இணைந்தாள். 1750 மார்ச் 21 ஆம் நாள் இறந்தாள். இறுதி நாட்களில் அவளருகிருந்து செபித்து, கல்லறை வரை சென்றவர் சாள்ஸ்.

யோன் இறந்து நான்கு மாதங்களின் பின், 1791 யூலையில், மார்த்தாவும் இறந்தாள். கணவனாற் கைவிடப்பட்டு, பெற்ற பிள்ளைகள் அனைவரையும் இழந்த அவள், முதுமையில் டொக்டர் சாமுவேல் யோன்சன் மதித்துப் பழகிய நண்பர்களுள் ஒருத்தி. எப்வேர்த் குருமனைப் பிள்ளைகளிற் கடைசியாக எஞ்சியவள் அவளே. இலண்டன் சிற்றி றோட் தேவாலயத்தின் பின்புறம், தமையனின் கல்லறையிலேயே அவளையும் அடக்கஞ் செய்தனர்.